விக்டோரியா ஹாலும் கொத்தனார்களும்

அன்புள்ள ஐயா,

சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலைப் பற்றி எங்கே படித்தாலும் சிஷோம், நம்பெருமாள் செட்டியார் என்று இரண்டு பெயர்தான் வருகிறது. என் தாத்தாவின் அப்பா அங்கே கொத்து வேலை பார்த்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஆட்களைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லையா?

– ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

பெயர் கேட்டால் என்னிடம் இல்லை. 1883-இல் அடிக்கல் நாட்டிய விஜயநகரம் மகாராஜா, வரைபடம் போட்ட சிஷோம், காண்டிராக்ட் எடுத்த செட்டியார், இவர்கள் பெயரெல்லாம் பத்திரமாக இருக்கிறது. செங்கல் அடுக்கியவன் பெயரைக் கல்லில் வெட்டும் வழக்கம் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

ஆனால் அவர்கள் வேலையைப் பற்றி நிறையவே எழுதலாம். ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பக்கத்திலேயே ரிப்பன் மாளிகை, 1913-இல் திறந்தது, அதுவும் செங்கல்தான், ஆனால் மேலே வெள்ளைப் பூச்சு. பூசுகிற சுவர் என்றால் வரிசை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் சமாளித்துவிடலாம். விக்டோரியா ஹாலில் அந்தச் சலுகையே கிடையாது, சிவப்புச் செங்கல் அப்படியே வெளியே நிற்கிறது. கல் ஒரே பதமாக வெந்திருக்க வேண்டும், இணைப்பெல்லாம் ஒரே கனத்தில் ஓட வேண்டும், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டு பிசகினால் ரோட்டில் போகிறவனுக்குக்கூடத் தெரிந்துவிடும்.

அப்புறம் தாழ்வாரத்து வளைவுகள். மரச்சட்டம் நிறுத்தி, இரண்டு பக்கமும் சமமாகக் கல் ஏற்றிக்கொண்டே போய் உச்சியில் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் முந்திவிட்டால் பாரம் கோணிக்கொள்ளும். சுண்ணாம்புக் காரை சிமெண்ட் மாதிரி சீக்கிரம் இறுகாது, சட்டத்தை எப்போது பிரிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறவர் மேஸ்திரி, அது எந்த வரைபடத்திலும் இருக்காது.

சிஷோமைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு காலத்திலேயே மதுரை திருமலை நாயக்கர் மகாலைப் புதுப்பிக்கும் வேலையில் இருந்தவர், நம் ஊர்ச் செங்கலும் சுண்ணாம்பும் எவ்வளவு பெரிய வளைவைத் தாங்கும் என்பதை அங்கே கண்ணால் பார்த்தவர். அந்த நம்பிக்கை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் எரிச்சல்.

உள்ளே மர கேலரி ஆசாரிகள் கைவேலை. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபை பல வருஷம் நாடகம் போட்டது இந்த ஹாலில்தான்.

சரி, உங்கள் குடும்பக் கதைக்கு வருகிறேன். நம்பெருமாள் செட்டியார் ஹைகோர்ட்டையும் கன்னிமாரா நூலகத்தையும் கட்டியவர். கைதேர்ந்த கொத்தனாரை ஒரு கட்டிடத்தோடு எந்தக் காண்டிராக்டர் விடுவார்? உங்கள் கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த மேஸ்திரியிடம் இருந்தார், அப்புறம் எங்கே வேலைக்குப் போனார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, போடுகிறேன்.