வாசகர் கேள்வி – பதில்: காஞ்சனபுரிக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: குடும்பத்தோடு பாங்காக்கில் ஐந்து நாள் தங்க இருக்கிறோம். அங்கிருந்து ஒரே நாளில் தாய்லாந்தின் மேற்கிலுள்ள காஞ்சனபுரிக்குச் சென்று, க்வே ஆற்று ரயில் பாலத்தையும் எரவான் அருவியையும் பார்த்துவிட்டு இரவே திரும்பிவிடலாம் என்கிறார் பயண முகவர். கோயில்களையும் கிராமப்புறத்தையும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஒரு நாள் போதுமா?
– வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: போதாது. காஞ்சனபுரி நகரம் பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆகவே முகவர் சொல்வது நடக்காத காரியமல்ல. ஆனால் எரவான் தேசியப் பூங்கா அந்நகரத்தைத் தாண்டி இன்னும் அறுபது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருப்பதால், அன்றைய பகலின் பெரும்பகுதி வண்டிக்குள்ளேயே போய்விடும். தாங்கள் பார்க்க விரும்பும் கோயிலும் வயல்வெளியும் அந்தத் திட்டத்தில் இல்லவே இல்லை என்பதையும் கவனியுங்கள். ஐந்து நாளில் இரண்டு இரவுகளையாவது காஞ்சனபுரிக்கு ஒதுக்குங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன்.

அந்த மாநிலத்தை ஆறுகளின் வழியாகவே புரிந்துகொள்ள வேண்டும். மேற்கு மலைகளிலிருந்து இறங்கிவரும் க்வே யாய், க்வே நொய் என்னும் இரண்டு ஆறுகள் காஞ்சனபுரி நகரத்தில் கூடி, மே க்லோங் என்ற பெயரோடு கடலை நோக்கிச் செல்கின்றன. பார்க்கத்தக்க இடங்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றின் கரையிலேயே இருப்பதால், ஒரு நாளுக்கு ஓர் ஆறு என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

முதலில் மே க்லோங். நகரத்திற்குத் தென்கிழக்கே, தா முவாங் வட்டாரத்தில், குன்றின்மேல் இருக்கிறது வாட் தம் சுவா என்னும் பௌத்தக் கோயில். பொன்னிறச் சில்லுகள் பதித்த மிகப் பெரிய புத்தர் சிலை அங்கே திறந்த வெளியில் அமர்ந்திருக்கிறது. சிலையின் முன் சிறு கிண்ணங்கள் பூட்டிய பட்டை ஒன்று ஓயாமல் மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். மக்கள் அவற்றில் காசைப் போட்டுவிட்டு, அது மேலேறிப் போய்ச் சேரும்வரை கைகூப்பி நிற்கிறார்கள். அருகிலுள்ள அடுக்குக் கோபுரத்தில் ஏறினால், சன்னலுக்குச் சன்னல் நெல்வயலும் ஆறும் தெரியும். தாங்கள் கேட்ட கிராமப்புறம் அந்த வயல்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. படியிறங்கி வரப்போரமாக நடந்து பாருங்கள். மாலை வெயில் தணிந்த நேரமே இதற்கு ஏற்றது.

க்வே நொய் ஆற்றுக்கு ரயிலில் போவதே சிறந்தது. ‘நாம் டோக்’ என்னும் கடைசி நிலையம் வரை செல்லும் சாதாரண ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளே இருக்கின்றன. குளிர்சாதன வசதி கிடையாது. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போகலாம். காஞ்சனபுரியில் ஏறும்போதே இடப்பக்கம் இடம் பிடித்துவிடுங்கள். தம் க்ராசே அருகே வலப்புறம் செங்குத்தான பாறையும் இடப்புறம் நேர் கீழே ஆறுமாக, மரச்சட்டங்களின் மேல் ரயில் ஊர்ந்து செல்லும்போது அதன் பயன் தெரியும். வழியில் தா கிலேன் நிலையத்தில் இறங்கினால் பிரசாத் முவாங் சிங் என்னும் பழைய கெமர் நகரத்தின் இடிபாடுகள் அருகிலேயே உள்ளன. செம்புரைக்கல்லால் எழுப்பிய மதிலும் மகாயான பௌத்தக் கோயிலும் ஆற்றின் வளைவை ஒட்டி நிற்கின்றன, கூட்டம் குறைவு. கம்போடியாவில் கெமர் மன்னர்கள் எழுப்பிய அங்கோரைக் காண வாய்க்காதவர்கள் இதைத் தவறவிடக் கூடாது என்பது என் கருத்து.

எரவான் அருவி க்வே யாய் பக்கம் இருக்கிறது. இந்திரனின் ஐராவதமே அங்கே எரவான். ஏழு அடுக்குகளாக விழும் நீர், சுண்ணாம்புப் பாறையினூடே வருவதால் இளநீலமாகத் தோன்றும். பிற்பகலில் மேல் அடுக்குகளுக்கு விடமாட்டார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

கேள்வி: என் தாத்தாவின் அண்ணன் மலாயாத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்; திரும்பி வரவில்லை. காஞ்சனபுரிக்குச் சென்றால் அவரை நினைத்து எங்கே வணங்கலாம்?
– வாசகர், ஈப்போ

பதில்: தங்கள் கேள்வியைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு ஜப்பானியப் படை போட்டு முடித்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில், நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேரும், அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் உழைத்தனர். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவானியர் எனப் பலராக இருந்த அத்தொழிலாளர்களில் காலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் இறந்தவர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. கைதிகளுக்காவது அவர்களுடைய அதிகாரிகள் பெயர்ப் பதிவு வைத்திருந்தார்கள், மருத்துவர்களும் உடனிருந்தார்கள். தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு இரண்டுமே பெரும்பாலும் கிடைக்கவில்லை.

அதனால்தான் நகரத்தின் நடுவே, புல்வெளியில் வரிசை வரிசையாக ஏறத்தாழ 7,000 கல்லறைகளோடு பேணப்படும் போர்க் கல்லறைத் தோட்டத்தில் தங்கள் தாத்தாவின் அண்ணனைத் தேடுவது வீண். அங்கே துயில்பவர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் படையினர். தாங்கள் செல்ல வேண்டிய இடம் அதற்கு அருகிலுள்ள வாட் தாவோன் வராராம் என்னும் வியட்நாமிய மரபுக் கோயில். பெயர் தெரியாமல் புதைக்கப்பட்ட ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்களை அடக்கம் செய்த நினைவுத் தூபி அங்கே இருக்கிறது. மாண்ட தமிழர்களுக்காக அண்மை ஆண்டுகளில் நடுகல்லும் அங்கே எழுப்பப்பட்டிருக்கிறது. பூவோ ஊதுவத்தியோ கொண்டுபோகலாம். பௌத்தக் கோயில் என்பதால் தயங்க வேண்டாம்.

நேரம் இருந்தால் நாம் டோக்கிற்கும் அப்பால் உள்ள அந்த ரயில் பாதைக்காக வெட்டிய ஹெல்ஃபயர் பாஸ் என்ற மலைவெட்டுக்கும் போய் வாருங்கள். 1998-இல் ஆஸ்திரேலிய அரசு திறந்த விளக்க மையம் அங்கே இருக்கிறது. மூங்கில் காட்டுக்கு நடுவே கையாலும் சம்மட்டியாலும் பிளந்த பாறைச்சுவரில், உளி இறங்கிய தடங்களை இன்றும் விரலால் தொட்டுப் பார்க்கலாம். ஆற்றுப் பாலத்தின்மேல் படமெடுக்கும் கூட்டத்துக்கு அவ்வளவு தூரம் வர நேரமிருப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

கேள்வி: நாங்கள் சைவ உணவுக்காரர்கள், எழுபது வயதான அம்மாவும் வருகிறார். எந்த மாதத்தில் போகலாம்? கோயில்களில் கவனிக்க வேண்டியவை என்ன?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை செல்லுங்கள். ஏப்ரல் வெயில் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது. மழைக்காலத்தில் அருவிப் பாதை வழுக்கும். அருவியின் முதல் இரண்டு அடுக்குகளை அவரும் எளிதாகக் காணலாம், மேலே ஏற விட வேண்டாம். வாட் தம் சுவாவில் படிகள் செங்குத்தானவை. ஆனால் குன்றேற இழுவைப் பெட்டி இருக்கிறது.

உணவு விஷயத்தில் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன்சாறு சேர்ந்துவிடும். தூய சைவத்தைக் குறிக்கும் 'ஜே' என்ற தாய் மொழிச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்துப் பலகை உள்ள கடைகளில் மீனும் முட்டையும் சேர்ப்பதில்லை, பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது. கோயிலில் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துங்கள். உட்காரும்போது பாதம் புத்தரை நோக்கி நீள வேண்டாம். பெண்கள் பிக்குவைத் தொடவோ அவர் கையில் நேரடியாக எதையும் கொடுக்கவோ கூடாது. அவர் விரிக்கும் துணியில் வைத்தால் எடுத்துக்கொள்வார்.