கரும்பு கொழுத்து நிற்கிறது, வெல்லம் ஏன் கட்டவில்லை?

கேள்வி: வணக்கம் ஐயா. நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையம் பக்கம், வாய்க்கால் பாசனத்தில் இரண்டு ஏக்கர் கோ 86032 ரகக் கரும்பு வைத்திருக்கிறேன். ஏழாம் மாதம் பயிர் கொஞ்சம் வெளிறினாற்போல் தெரிந்ததால் ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா கூடுதலாகப் போட்டேன். கரும்பு பச்சைப்பசேல் என்று இரண்டு ஆள் உயரம் வந்தது. பத்தாம் மாதம் ஒரு ஏக்கரை வெட்டி ஆட்டினால் பாகு பதத்துக்கே வரவில்லை. அச்சில் ஊற்றிய வெல்லம் மறுநாள் இளகிவிட்டது. பக்கத்துக் காட்டுக்காரர் கரும்பு ஒல்லிதான், ஆனால் வெல்லம் கல்லு மாதிரி நிற்கிறது. என் மண்ணில் சத்து குறைவா? சர்க்கரைக் கரைசலை இலையில் தெளித்தால் இனிப்பு ஏறும் என்கிறார்களே, செய்யலாமா? இன்னும் ஒரு ஏக்கர் வெட்டாமல் இருக்கிறது.

பதில்: வணக்கம். மண்ணைக் குறை சொல்ல வேண்டாம். இரண்டு ஆள் உயரம் வந்த கரும்புக்கு மண் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது. கோளாறு ஏழாம் மாத யூரியாவில் தொடங்கியிருக்கிறது. ஏன் என்று புரிய, கரும்புக்குள் சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரையில் தழைச்சத்து கிடையாது, மணிச்சத்து கிடையாது, சாம்பல் சத்தும் கிடையாது. கரி (கார்பன்), ஹைட்ரஜன், ஆக்சிஜன் இந்த மூன்றுதான். ஹைட்ரஜன் நீங்கள் பாய்ச்சிய தண்ணீரிலிருந்து வருகிறது. கரி முழுவதும் காற்றிலிருக்கும் கரியமில வாயுவிலிருந்து வருகிறது. இலையின் பச்சையம் வெயிலைப் பிடித்து அந்தச் சக்தியால் தண்ணீரைப் பிளக்கிறது. ஆக்சிஜன் காற்றுக்குப் போய்விடும். கிடைத்த சக்தியைக் கொண்டு இலை கரியமில வாயுவைச் சர்க்கரையாகக் கட்டுகிறது. 100 கிலோ சர்க்கரையில் 42 கிலோ கரி இருக்கிறது. காற்றில் கரியமில வாயு வெறும் 0.04 சதவீதம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால், நன்றாக முற்றிய ஒரு டன் கரும்பிலிருந்து எடுக்கும் 100 கிலோ சர்க்கரைக்கு, ஏறக்குறைய 2 லட்சம் கன மீட்டர் காற்றிலுள்ள கரியமில வாயு முழுவதும் வேண்டும்! இவ்வளவையும் இலைகள் சத்தமில்லாமல் செய்கின்றன. இதற்கு மேல் ஒரு டேங்க் சர்க்கரைத் தண்ணீரைத் தெளித்து என்ன ஆகப்போகிறது? இலையில் பூசணம் வரும், எறும்பு வரும். அந்தச் செலவு வேண்டாம்.

இந்த வேலையில் கரும்பு நெல்லைவிடக் கெட்டிக்காரப் பயிர். வெயில் ஏறினால் நெல்லின் இலை, கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஆக்சிஜனையும் சேர்த்துப் பிடித்து, கட்டியதில் ஒரு பகுதியை வீணாக்கிவிடும். கரும்பு அப்படி விடுவதில்லை. இலையின் வெளிப்புற உயிரணுக்களில் கரியமில வாயுவை முதலில் நான்கு கரி கொண்ட ஓர் அமிலமாக மாற்றி, நரம்பைச் சுற்றியுள்ள உள் உயிரணுக்களுக்கு அனுப்புகிறது. அங்கே வாயு அடர்த்தியாகச் சேர்வதால் ஆக்சிஜன் குறுக்கிட முடிவதில்லை. 1965-ல் ஹவாய் தீவில் கரும்பு ஆராய்ச்சி செய்தவர்கள் முதலில் கிடைப்பது இந்த அமிலம்தான் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டிலிருந்து ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் என்ற இருவர் இந்த வழியை விளக்கினார்கள். சோளம், கம்பு, மக்காச்சோளத்துக்கும் இதே வழிதான். அருகும் கோரையும்கூட இப்படித்தான் வேலை செய்கின்றன. அதனால்தான் முதல் மூன்று நான்கு மாதம் களையை விட்டால் கரும்பை அமுக்கிவிடும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

சரி, உங்கள் காட்டுக்கு வருவோம். இலை பகலெல்லாம் சம்பாதிக்கிறது, புது வளர்ச்சி அதைச் செலவழிக்கிறது, செலவு போக மிஞ்சியதுதான் தண்டில் சேமிப்பாகிறது. முதல் மாதங்களில் தழைச்சத்து அவசியம். பச்சையத்திலேயே தழைச்சத்து இருக்கிறது, அது இல்லாமல் இலை ஏது? ஆனால் ஏழாம் மாதம், இனிப்பு ஏறப்போகும் நேரத்தில், தழைச்சத்தான யூரியாவை நீங்கள் போட்டவுடன் பயிர் மறுபடியும் வளர ஆரம்பித்துவிட்டது. புதுக் கணு, புது இலை, அடியிலிருந்து நீர்ப்போத்து (பிந்தி முளைக்கும் இளங்குருத்து) என்று சேர வேண்டிய சர்க்கரை எல்லாம் அங்கே போயிற்று. வளரும் கணுக்களில் சர்க்கரை அப்படியே நிற்காது, குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று உடைந்துவிடும். நாக்குக்கு அவையும் இனிப்புதான். ஆனால் படிகமாகாது, ஈரத்தை இழுக்கும். உங்கள் வெல்லம் மறுநாளே இளகியது இதனால்தான். பக்கத்துக்காரர் கரும்பு வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சேமித்தது.

ஏழாம் மாத வெளிறலுக்கும் பயந்திருக்க வேண்டியதில்லை. கரும்பு முற்றப்போகும்போது பச்சை கொஞ்சம் குறைவது இயல்பு. அடுத்த பயிரில் யூரியாவை நட்ட 90 நாளுக்குள் பிரித்துப் போட்டு முடித்துவிடுங்கள். சாம்பல் சத்தான பொட்டாஷைக் குறைக்காதீர்கள். இலையில் உருவான சர்க்கரை தண்டுக்கு இறங்கப் பொட்டாஷ் வேண்டும். அளவை மண் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நிற்கும் ஒரு ஏக்கரை இப்போதே வெட்ட வேண்டாம். கோ 86032-க்குப் பத்து மாதம் என்பது முற்றுவதன் தொடக்கம்தான், கூடுதல் யூரியா அதை இன்னும் தள்ளிப்போட்டிருக்கிறது. காய்ந்த சோகையை (கரும்பு இலையை) உரித்துவிடுங்கள். கரும்பு முப்பதுக்கு மேல் இலை விட்டாலும் உச்சியிலுள்ள எட்டுப் பத்து இலைதான் சர்க்கரைக்கு உழைக்கிறது. ஆகவே காய்ந்ததை எடுப்பதில் நட்டமில்லை, ஆனால் மாட்டுத் தீவனத்துக்கு என்று பச்சைச் சோகையில் கை வைக்காதீர்கள். தண்ணீர் விடும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வெட்டுக்கு 15 நாள் முன்பு அடியோடு நிறுத்துங்கள். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்பதற்காகப் பாய்ச்ச வேண்டாம். பகலில் நல்ல வெயில், ராத்திரி குளிர், காலடியில் ஈரம் குறைவு என்றால் கரும்பு வளராது, இலை மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். இனிப்பு ஏறுவது அப்போதுதான்.

எப்போது வெட்டுவது? காட்டில் நாலைந்து இடத்தில் கரும்பை எடுத்து, அடிக்கணுச் சாற்றையும் மேல்கணுச் சாற்றையும், சாற்றின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டரில் தனித்தனியே பாருங்கள். அடியில் 20, மேலே 14 என்றால் இன்னும் காத்திருக்க வேண்டும். இரண்டும் 18-க்கு மேல் வந்து, வித்தியாசம் ஒன்றிரண்டு புள்ளிதான் என்றால் வெட்டலாம். மீட்டர் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, சர்க்கரை ஆலையின் கரும்பு அலுவலரிடம் இருக்கும். அதுவும் முடியாவிட்டால் மேல் கணுவைக் கடித்துப் பாருங்கள், சப்பென்று இருக்கக் கூடாது.

வெட்டும்போது மண்ணோடு மண்ணாக வெட்டுங்கள், இனிப்பு அதிகம் அடியில்தான். கொழுந்தாடையையும் முற்றாத மேல் கணுவையும் தாராளமாகக் கழித்துவிடுங்கள், நீர்ப்போத்தை ஆலைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். சாய்ந்து வேர் விட்ட கரும்பைத் தனியாக ஆட்டுங்கள். வெட்டிய அன்றே ஆட்டிவிட வேண்டும், முடியாவிட்டாலும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. காட்டில் கிடக்கக் கிடக்கச் சர்க்கரை உடைந்துகொண்டே போகும்.

ஏற்கனவே இளகிப்போன வெல்லத்தில் அஸ்கா (வெள்ளைச் சர்க்கரை) கலந்து கட்டிப்பார்க்கச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அது கலப்படம். பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம் போன்ற இயற்கை இடுபொருள் தயாரிப்பவர்கள் இளகிய வெல்லத்தையும் வாங்கிக்கொள்வார்கள், விலை குறைவாக இருந்தாலும் நேர்மையான வியாபாரம்.

இன்னொன்று, வரப்பில் தென்னை இருந்தால் அதன் நிழல் விழும் சால்களைக் கடைசியாக வெட்டுங்கள். வெயில் குறைந்த இடத்தில் இனிப்பு ஏறத் தாமதமாகும், அந்தக் கரும்பைத் தனியாகச் சோதித்துவிட்டு ஆட்டுவது நல்லது.