விண்டோஸ் 11-க்கு மாற வேண்டும். அதற்குத் தேவையான டிபிஎம் 2.0 (TPM) என்ற பாதுகாப்புக் கூறு என் கணினியில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, திறக்கும் பெட்டியில் ‘tpm.msc’ என்று ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். வரும் சாளரத்தில், தயாரிப்பாளர் விவரத்துக்கு அருகே ‘ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன்’ என்ற பதிப்பு எண் இருக்கும். 2.0 என்றால் சரி, 1.2 போதாது.

டிபிஎம் கிடைக்கவில்லை என்று வந்தால் உடனே புதுக் கணினி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பல கணினிகளில் அது பிராசசரோடு சேர்ந்தே இருக்கும். பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், அணைத்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். இன்டெல் பிராசசர் என்றால் பிடிடி (PTT), ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் (fTPM) என்ற பெயரில் தேடி இயக்குங்கள்.

ஆனால் பயாஸில் கைவைக்கும் முன், வட்டில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதி இயக்கத்தில் இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள், ஓர் இலக்கமும் விடாமல். கணினி அதைக் கேட்கும்போது கையில் இல்லையென்றால் உங்கள் கோப்புகள் உள்ளேயே பூட்டிக் கிடக்கும்.

பிராசசரும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இருக்க வேண்டும். ‘பிசி ஹெல்த் செக்’ செயலி அதைச் சொல்லிவிடும்.