ஏரி வண்டலில் மனிதத் தடம்: கேள்வி பதில்

கேள்வி: கண்மாய்க்குள்ள குழி வெட்டினா அடுக்கடுக்கா மண் தெரியுது சார். ஒரு அடிக்கு இத்தனை வருஷம்னு கணக்கு உண்டா?

பதில்: பொதுக் கணக்கு கிடையாது. நீர்ப்பிடிப்பில் காடு அழிந்து உழவு வந்தாலே வண்டல் படியும் வேகம் ஏறிவிடும். வயதை அறிய ஈயம்-210, சீசியம்-137 என்ற இரண்டு கதிரியக்கப் பொருட்களையும் அளப்பார்கள். ஈயம்-210இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 22 ஆண்டுகள். 100 முதல் 150 ஆண்டு வரை கைகொடுக்கும். சீசியம் அணுகுண்டுச் சோதனைகளால் வந்தது, உச்சம் 1963. அந்த உச்சம் 24 செ.மீ. ஆழத்தில் இருந்து, மாதிரியை 2023இல் எடுத்திருந்தால், ஆண்டுக்குச் சராசரி 4 மி.மீ.

கண்மாய் என்றால் எனக்குத் தயக்கம்தான். கோடையில் வெடிப்பு விட்டு மேல்மண் உள்ளே விழும். வயலுக்கும் செங்கல் சூளைக்கும் வேறு அள்ளியிருப்பார்கள். எங்கே அள்ளவில்லை என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்துவிட்டு, சேற்று மாதிரி எடுக்கும் குழாயை இறக்குங்கள்.

கேள்வி: அப்போ கொடைக்கானல் ஏரி?

பதில்: பரவாயில்லை. 1863இல் கரை கட்டி உருவாக்கிய ஏரி. தூர்வாராத இடத்தில் ஏரிச் சேறு முடிந்து பழைய நிலத்தின் மண் தொடங்கும் கோடே ஒரு தேதி. பாதரசம் பார்ப்பதானால் மாதிரியை 105 டிகிரி அடுப்பில் வைக்காதீர்கள், ஆவியாகிவிடும். உறையவைத்து உலர்த்துங்கள்.

கேள்வி: குழாயைத் தூக்கும்போது சேறு நழுவி விழுந்துடுது.

பதில்: மேல்வாய் திறந்திருக்கும். குழாய் இறங்கியதும் மேலே ரப்பர் அடைப்பானை இறுக்கிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். அடிவாய் நீர்மட்டத்துக்கு வெளியே வருமுன், கையை நீருக்குள் விட்டு அதையும் மூடுங்கள். சேற்றுக்கு மேல் நிற்கும் நீர் தெளிவாக இருந்தால் மேலடுக்கு கலையவில்லை. கலங்கியிருந்தால் வேறு மாதிரி எடுங்கள். படுக்க வைக்காமல் கொண்டுபோய், அன்றே 1 செ.மீ. துண்டுகளாக வெட்டி, குழாயை உரசிய ஓரத்தைச் சீவி எறியுங்கள்.

கேள்வி: மேலடுக்கில் துத்தநாகம் அடியைப் போல இருமடங்கு. மாசுதானே?

பதில்: அலுமினியம் பார்த்தீர்களா? நுண்ணிய களிமண் இயல்பாகவே உலோகத்தைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும்; களிமண் எவ்வளவு என்பதை அலுமினியம் காட்டும். துத்தநாகம் கிலோவுக்கு 80 மி.கி.யிலிருந்து 160 ஆக, அலுமினியமும் 4 சதவீதத்திலிருந்து 8 ஆகியிருந்தால், கூடியது களிமண்தான். அலுமினியம் அப்படியே இருந்தால் சந்தேகப்படலாம்.

கேள்வி: சாக்கடையை நிறுத்தி ஆறு வருஷமாச்சு, தண்ணி இன்னும் பச்சையாவே இருக்கே?

பதில்: இப்போது சாக்கடை அடியில் இருக்கிறது. நீரைப் பச்சையாக்கும் பாசிக்கு உணவு பாஸ்பரஸ்; சாக்கடையோடு வந்த பழைய பாஸ்பரஸ் சேற்றில் இரும்போடு ஒட்டிக் கிடக்கும். அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் இரும்பு கரையும், பாஸ்பரஸும் நீருக்கு வந்துவிடும். விடியற்காலையில் அடியிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் ஆக்சிஜனை அளந்து பாருங்கள். லிட்டருக்கு 2 மி.கி.க்குக் கீழே என்றால் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உடனே பொக்லைனை இறக்கிவிடாதீர்கள். எந்த ஆழத்தில் பாஸ்பரஸ் குறைகிறது என்று துண்டு துண்டாகப் பார்த்த பிறகே எவ்வளவு வெட்டுவது என்பதை முடிவு செய்யுங்கள்; பாதியில் நிறுத்தினால் இப்போதைய மேலடுக்கைவிடப் பாஸ்பரஸ் செறிந்த அடுக்கு மேலே வந்துவிடலாம். அள்ளிய சேற்றைக் கரையிலேயே கொட்டி, வடியும் நீரைத் திரும்ப ஏரிக்குள் விடுவதுதான் பல இடங்களில் நடக்கும் கூத்து.