மூன்று வட்டியும், அப்பா பெயரில் கிடக்கும் பட்டாவும்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். வயது 44. அப்பாவின் நாலு ஏக்கரில் சம்பாவும் அப்புறம் உளுந்தும் போடுகிறேன். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது, பட்டா இன்னும் அவர் பெயரில்தான். அதனால் சொசைட்டியில் கடன் தரவில்லை. வெளியில் மூன்று வட்டிக்கு வாங்கியது 1,20,000 ரூபாய் நிற்கிறது. இந்த அறுவடையில் மிஷின் வாடகை, உரக்கடை பாக்கி எல்லாம் போக 1,60,000 மிஞ்சியது. அம்மா எங்களோடு இருக்கிறார், அக்காவைக் கும்பகோணத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, மகன் எட்டாவது. மகள் கல்யாணத்துக்கென்று வருடம் 50,000 கட்டுகிற இன்சூரன்ஸ் ஒன்றைத் தெரிந்தவர் சொல்கிறார். மனைவி வேண்டாம் என்கிறார். சேரலாமா?

பதில்: சேராதீர்கள். உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

மூன்று வட்டி என்றால் மாதம் 3,600, வருடத்துக்கு 43,200 ரூபாய். நெல் குவிண்டால் 2,500 என்று வைத்தால் பதினேழு குவிண்டாலுக்கு மேல். கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டையில் 43 மூட்டை. ஏக்கருக்கு ஐம்பது மூட்டை கண்டாலே நல்ல மகசூல் என்கிற இடத்தில், உங்கள் நாலு ஏக்கரில் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் வட்டிக்கே விளைகிறது. சேற்றில் இறங்குவது நீங்கள், நெல் போவது வேறு வீட்டுக்கு. இதை எழுதும்போதே எனக்கு மனசு கனக்கிறது. 36 சதவீத வட்டியைக் கட்டிக்கொண்டே எந்த இன்சூரன்ஸில் பணம் போட்டாலும் நஷ்டம்தான்.

அதனால் கையில் இருப்பதில் 1,20,000 ரூபாயை இந்த வாரமே கொடுத்துக் கணக்கை முடியுங்கள். பாதி கட்டி மீதியை இழுக்க வேண்டாம். கையெழுத்துப் போட்ட புரோநோட்டையும், செக் கொடுத்திருந்தால் அதையும் கையோடு வாங்கி வாருங்கள். 'அப்புறம் தேடித் தருகிறேன்' என்றால் பணத்தை எண்ணி வைக்காதீர்கள்.

மீதி 40,000 ரூபாயில் 15,000 மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு. மற்றது வீட்டுச் செலவுக்கு, உளுந்து வரும் வரை.

சரி, அடுத்த நடவுக்கு என்ன செய்வது? உங்கள் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது. பட்டா உங்கள் பெயருக்கு வந்துவிட்டால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கலாம். தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் அதற்கு வட்டியே இல்லை. வங்கியில் கிசான் கடன் அட்டை எடுத்தாலும், ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதம்தான் விழும். 2 லட்சம் வரை அடமானமும் கேட்கக்கூடாது. பி.எம். கிசானின் வருடம் 6,000 ரூபாயும் இந்தப் பட்டாவுக்காகத்தான் காத்திருக்கிறது. வாரிசாக வந்த நிலத்துக்கு அதைக் கேட்க வழி உண்டு.

முதலில் தாசில்தார் அலுவலகத்தின் வாரிசுச் சான்றிதழ். அதில் அம்மா, அக்கா, நீங்கள் மூவரும் இருப்பீர்கள். அக்காவுக்கும் உங்களுக்குச் சமமான பங்கு உண்டு. பத்திரத்தை எழுதி எடுத்துப்போய் 'ஒரு கையெழுத்துப் போடுக்கா' என்று நீட்டாதீர்கள். குடும்பத்தோடு கும்பகோணம் போய், உட்கார்ந்து பேசுங்கள். பங்கு வேண்டுமென்றால் பாகப்பிரிவினை. வேண்டாமென்று அவரே மனதாரச் சொன்னால் விடுதலைப் பத்திரம். எதுவானாலும் பதிவு செய்துவிட்டு, இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுங்கள். நடவுக்குள் வேலை முடியாவிட்டால், மனைவி சம்மதித்தால் மட்டும், ஒன்றிரண்டு பவுனை வங்கியில் வைத்துச் சமாளிக்கலாம். மறுபடி அந்த மூன்று வட்டிப் படியை மிதிக்காதீர்கள்.

பயிர்க் காப்பீட்டுக்கு நிலம் உங்கள் பெயரில் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. சாகுபடி உங்களுடையது என்று வி.ஏ.ஓ. தரும் அடங்கலை வைத்துச் சேரலாம். சம்பாவுக்கு உங்கள் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் நடுவில் வரும், அதுவரை இழுக்க வேண்டாம். 2018-இல் கஜா புயல் கரையேறியது நவம்பர் 16 விடியற்காலை. உங்கள் பகுதிக்காரருக்கு இதற்கு மேல் நான் சொல்லவேண்டியதில்லை.

உங்கள் உயிருக்கும் காப்பீடு வேண்டும்தான். அதற்கு 50,000 தேவையில்லை. வங்கியிலேயே பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு வருடம் 436 ரூபாய், சுரக்ஷா விபத்துக் காப்பீடு வருடம் 20 ரூபாய். எப்படி இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம், விபத்தில் என்றால் இன்னொரு 2 லட்சம். மே கடைசியில் கணக்கில் 500 ரூபாய் இருக்கட்டும், அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

மகள் விஷயத்தில் கல்யாணத்துக்கு முன்னால் படிப்பைப் பாருங்கள். ஆறாவது முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் உதவி உண்டு. பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று போனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

வாரிசுச் சான்றிதழில் ஏதாவது சிக்கல் வந்தால் மறுபடி எழுதுங்கள்.