17 வயதில் வீட்டை விட்டு வெளியேறினால் போலீஸ் பிடிக்குமா?

கேள்வி: "எனக்கு 17 வயது. வீட்டில் அடி, தினமும் சண்டை. தோழி வீட்டில் போய்த் தங்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?"

வீட்டை விட்டுப் போனதற்காக உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. சிக்கல் உங்களுக்கு இடம் கொடுப்பவருக்குத்தான்.

இந்தியாவில் 18 முடிந்தால்தான் மேஜர். அமெரிக்கத் தொடர்களில் வருவதுபோல நீதிமன்றத்தில் மனுப் போட்டு 16 வயதிலேயே பெற்றோர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளும் வழி இங்கே இல்லை. மைனர் கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தமும் செல்லாது. ஹாஸ்டல்கள் பெற்றோர் கையெழுத்தைக் கேட்பது அதனால்தான்.

"பிள்ளையைக் காணவில்லை" என்று பெற்றோர் புகார் கொடுத்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும். உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. அடுத்து விசாரணை தோழி வீட்டுக்குத்தான் போகும். குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-ஆவது பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்டவரைப் பாதுகாவலர் சம்மதமின்றி அழைத்துப் போவதோ ஆசை காட்டிக் கூட்டிப் போவதோ ஆள்கடத்தல். 7 ஆண்டு வரை சிறை. "நானாகத்தான் போனேன்" என்று நீங்கள் சொல்வது மட்டும் போதாது. சென்னையைச் சேர்ந்த வரதராஜன் வழக்கில், 18-ஐ நெருங்கிய கல்லூரி மாணவி எவர் தூண்டுதலும் இல்லாமல் தானே கிளம்பி அவருடன் போனதால் அது கடத்தல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் வரதராஜனை விடுவித்தது உண்மை. ஆனால் அந்த விடுதலை உச்ச நீதிமன்றம் வரை போய்க் கிடைத்தது. தோழியின் அம்மாவை அந்த அலைச்சலில் தள்ளாதீர்கள்.

அடி, பாலியல் தொல்லை, கட்டாயக் கல்யாணம் என்றால் வழி வேறு. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் உங்களை ஆஜர்படுத்த வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு அது. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். பிறகு பெற்றோருக்கு ஆலோசனை கொடுத்து வீட்டுக்கே அனுப்பலாம்; பாட்டி, சித்தி போன்ற உறவினரிடம் ஒப்படைக்கலாம்; காப்பகத்தில் சேர்க்கலாம். காப்பகம் கடைசி வழிதான். பொறுப்பேற்கத் தயாராக ஓர் உறவினர் இருந்தால் அவர் பெயரை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலும் காரியம் கெடுவது காவல் நிலையத்தில். பெற்றோரை வரவழைத்து, ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு அன்றிரவே அனுப்பிவிடுவார்கள். "என்னைக் குழந்தைகள் நலக் குழு முன் ஆஜர்படுத்துங்கள்" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். "கொடுமை செய்கிறார்கள்" என்று பொதுவாகச் சொன்னால் எடுபடாது. எந்தத் தேதி, எதனால் அடித்தார், எங்கே காயம், யார் பார்த்தார் என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வயதுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அல்லது பள்ளிச் சான்று வேண்டும். இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. ஆதாரில் உள்ள தேதியை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

தோழி வீட்டில் ஒரு இரவு தங்கியே ஆக வேண்டிய நிலையா? தோழியின் அம்மாவையே அன்றைக்கே 1098-க்கு அழைத்துச் சொல்லச் சொல்லுங்கள். மறைத்து வைக்கவில்லை என்பதற்கு அந்த அழைப்புதான் அவருக்குச் சான்று.

ஆபத்து எதுவும் இல்லை, வெறும் மனக்கசப்புதான், 18-க்கு இன்னும் சில மாதம்தான் என்றால் பொறுத்திருங்கள். 18 முடிந்தபின் பெற்றோர் ஆட்கொணர்வு மனு (ஒருவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு) போட்டாலும், உயர் நீதிமன்றம் உங்கள் விருப்பத்தைக் கேட்டு அதன்படியே போக விடும்.