அணைத்துவிட்டுப் பாருங்கள்

கேள்வி: அண்ணாச்சி, எங்களுடையது பழைய வீடு. தார்சா தாண்டினால் பட்டாசல், அங்கேதான் டிவி. அதற்கு நேர் எதிரே பெரிய ஜன்னல். பகலில் படம் போட்டால், ராத்திரியில் நடக்கிற காட்சிகளில் நிற்பது ஆளா தூணா என்றே தெரியவில்லை. பாட்டு, சீரியல் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது, டிவி போய்விட்டதா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி டவுன்

பதில்: டிவிக்கு ஒன்றும் இல்லை அம்மா. ரிப்பேர்காரரைக் கூப்பிடும் முன் நாளை மத்தியானம் ஒரு காரியம் செய்யுங்கள். டிவியை அணைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து அந்த வெறும் திரையைப் பாருங்கள். கறுப்பாகவா இருக்கும்? சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், அதில் ஜன்னல் கம்பியும் கொடியில் கிடக்கிற துண்டும் நடுவில் உங்கள் முகமும் தெரியும். அந்த நேரத்தில் உங்கள் டிவியால் காட்ட முடிந்த கறுப்பு அவ்வளவுதான். கறுப்பு என்று ஒரு சாயத்தை அது பூசுவதில்லை, அந்த இடத்தில் வெளிச்சம் விடாமல் இருக்கிறது. அங்கே ஜன்னல் வந்து உட்கார்ந்துகொண்டால் அது என்ன செய்யும்?

கணக்காகச் சொல்கிறேன். திரையின் வெளிச்சத்தை நிட் என்று அளப்பார்கள். வெள்ளை 300 நிட் வருகிற சாதாரண எல்சிடி டிவியில், கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம், ஆயிரத்துக்கு ஒன்று என்றால், கறுப்பு 0.3 நிட். இப்போது அதன்மேல் 200 லக்ஸ் (மேலே விழுகிற வெளிச்சத்தை லக்ஸ் என்று அளப்பார்கள்) பகல் வெளிச்சம் விழுந்து, நூற்றில் இரண்டு பங்கு மட்டும் திரும்பி வருவதாக வைத்துக்கொண்டாலும் சுமார் 1.3 நிட் கூடிவிடும். வெள்ளைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இருட்டில் நிற்கிற ஆள் 0.6 நிட், அவனுக்குப் பின்னால் சுவர் 0.3 நிட் என்று இருந்தது, இப்போது 1.9-ம் 1.6-ம் ஆகிவிட்டது. ஒன்றுக்கு இரண்டாக இருந்த வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கல்யாண அண்டாவில் ஒரு கரண்டி உப்பு கூடினால் யாருக்கும் தெரியாது, அதே கரண்டி ஒரு தம்ளர் மோரில் விழுந்தால்? சீரியல் தப்பித்ததற்குக் காரணமும் இதுதான், அதில் மாமியார் அழுகிற காட்சிக்குக்கூட நாலு பக்கமும் விளக்குப் போட்டிருப்பார்கள். சினிமாவை டிவிக்காக நிறம் திருத்துகிறவர்கள் மங்கலான அறையில், வெள்ளை 100 நிட் அளவில் இருக்கிற திரையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள், உங்கள் பட்டாசல் அவர்கள் மனதில் இல்லை.

சரி, வழி? ஜன்னலுக்கு எதிரே இருக்கிற டிவியைப் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் படம் பார்க்கிற இரண்டரை மணி நேரத்துக்குக் கனமான திரைச்சீலை போடுங்கள். அப்புறம் பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னால் எரிகிற விளக்கை, செட்டிங்கில் கூட்டுங்கள். பிரைட்னஸ் என்று இருப்பதை அவசரப்பட்டுத் தொடாதீர்கள், பல டிவிகளில் அது விளக்கைக் கூட்டுவதில்லை, கறுப்பைத்தான் தூக்கிவிடும். நானே ஒரு மத்தியானம் அதை ஏற்றிவிட்டு மறந்துபோய், ராத்திரி பார்த்தால் படம் முழுக்க நீர்மோர் ஊற்றின மாதிரி இருந்தது, கேபிள்காரரை வேறு திட்டிவிட்டேன். கரண்ட்டை மிச்சம் பிடிக்கத் திரையை மங்கலாக்குகிற எக்கோ மோடு இருந்தால் அதையும் நிறுத்துங்கள். காமா என்று, நடுத்தர நிழல்கள் எவ்வளவு இருட்டாகத் தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற ஒன்று இருந்தால் பகலுக்கு 2.2, விளக்கணைத்த ராத்திரிக்கு 2.4. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிற ஓஎல்இடி டிவி வாங்கினால் சரியாகிவிடுமா என்று அடுத்த கடிதம் போடுவீர்கள். அதன் கறுப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம், உண்மைதான், ஆனால் ஜன்னல் அதன்மேலும் விழும்.

கேள்வி: என் மகன் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுத்தான் படம் பார்ப்பான். கண் போய்விடும் என்று ஆச்சி சத்தம் போடுகிறார்கள். ஆனால் அவ்வளவு இருட்டிலும் கறுப்பு சாம்பலாகத்தான் தெரிகிறது, மூலைகளில் வெள்ளை படிந்திருக்கிறது. ஏன்?
– ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: கண் போகாது, களைத்துப்போகும், ஆச்சியிடம் அப்படியே சொல்லுங்கள். சாம்பலுக்குக் காரணம் வேறு. உச்சி வெயிலில் இருந்து நெல்லையப்பர் சந்நிதிக்குள் போய் நின்றால் முதலில் தீபம் மட்டும்தான் தெரியும், நிற்க நிற்கத்தான் மாலையும் பட்டும் தெரிய வரும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். உங்கள் மகனும் படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஓரளவு அப்படிப் பழகிவிடுகிறான், அப்போது எல்சிடியின் பின்விளக்கு கசிவது அவன் கண்ணுக்குத் தப்பாது. பகலிலும் அது கசிந்துகொண்டுதான் இருக்கிறது.

டிவிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி, சின்ன வெள்ளை விளக்கு ஒன்று போடுங்கள். கண்ணிலும் திரையிலும் நேராக விழக் கூடாது. சுவர் லேசாக வெளுத்தால், அதன் பக்கத்தில் இருக்கிற சாம்பல் கண்ணுக்குக் கறுப்பாகிவிடும். கடையில் 6500 கே (கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற அளவு) என்று போட்ட பல்பாகப் பார்த்து வாங்குங்கள், திரையின் வெள்ளையோடு ஒத்துப்போவது அதுதான். கொலுவுக்குப் போட்ட கலர் சீரியல் செட்டைக் கொண்டுவந்து மாட்டாதீர்கள்.

கேள்வி: ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மானிட்டரில் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டில் தையல் வரை தெரிகிறது, ஆல்பம் பிரிண்ட் ஆகி வந்தால் ஒரே மை. லேபை மாற்றலாமா?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: மாற்றி என்ன ஆகப்போகிறது? நீங்கள் உட்காருவது ஏசி போட்டுக் கதவடைத்த இருட்டறை, மானிட்டர் கடையில் வந்தபடியே முழு வெளிச்சத்தில் இருக்கும். அதில் எல்லாம்தான் தெரியும், தாளுக்கு அப்படிச் சொந்த வெளிச்சம் கிடையாது. திரைகளுக்கான நிறத் தரமான எஸ்ஆர்ஜிபியை 1996-ல் முன்வைத்தவர்கள் 80 நிட் திரை, 64 லக்ஸ் அறை என்றுதான் வைத்துக்கொண்டார்கள். நீங்கள் 100, 120 நிட்டுக்கு இறக்கினால் போதும். அளக்கக் கருவி இல்லையா? அறையில் ஒரு டியூப்லைட்டை, திரையில் நேராக அடிக்காதபடி, போட்டுவிட்டு மானிட்டரில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு ஏ4 தாளைப் பிடியுங்கள். திரை விளக்கு மாதிரித் தெரிந்தால் இன்னும் இறக்க வேண்டும், இன்னொரு தாள் மாதிரித் தெரிகிற இடத்தில் நிறுத்திவிட்டு அந்தக் கறுப்புக் கோட்டுப் படத்தைத் திரும்பத் திறந்து பாருங்கள்.